அட்டையில் எழுதாமல் விட்ட முதல் விதி

என் தங்கையை ஒரு மளிகைக் கடையின் குடோனுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அந்தக் கதவுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, வயிற்று வலி என்று அவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என ஓர் அதிகாரியிடம் நான் பொய் சொன்னேன். என் தலைக்கு மேலே, என் கையால் எழுதிய சட்ட விதிகள் அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தன. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. எப்படி அங்கே வந்து நின்றேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கம். வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான்தான். பி.காம். வாங்கிவிட்டுப் பாளையம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டே குரூப் நாலு பரீட்சைக்குப் படித்துவந்தேன். இரண்டு தடவை எழுதியும் கிடைக்கவில்லை. தங்கை பத்தாவதில் என்னைவிட நல்ல மார்க் எடுத்தாள். அதே கோடையில் அம்மாவுக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் நடந்தது. குனிந்து நிமிர்ந்து பருத்தி எடுக்க இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் கூலி நின்றது. அந்த இடத்தை யார் நிரப்புவது என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை.

"நூலு மில்லு வண்டி நம்ம ஊரு முக்குக்கே வருது. ஏத்திவிட்டா சாயந்திரம் எறக்கி விட்டுருவான்" என்றார்.

"அவளுக்குப் பதினஞ்சு முடிஞ்சு பதினாறுதானப்பா நடக்குது."

"வயசெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்னு வண்டிக்காரன் சொல்லிட்டான். நீ படிச்சு என்னத்தக் கிழிச்ச? அவளும் படிச்சு ஒன்னைய மாதிரி அடுத்தவன் பாரத்துல பேரு எழுதிக்கிட்டு உக்காரணுமா?"

தங்கை அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் நானும் அவளும் சேர்ந்து அப்பாவிடம் ஒரு பேச்சுப் பேசி முடித்தோம். அவள் பள்ளிக்கூடம் விட்டதும் சாயந்திரம் ஏதாவது கடையில் வேலை பார்ப்பாள், சனிக்கிழமை கூடுதலாக நிற்பாள், அந்தச் சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுப்பாள், என் சம்பளத்திலும் பாதியைக் கொடுப்பேன். அப்பா முழுதும் கேட்டு முடித்தார். கடைசியில், "அந்த வேலை என்னைக்கு நிக்கிதோ, அன்னைக்கு மில்லு வண்டி" என்றார். அவர் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். ஆக, தங்கையின் படிப்பு முழுக்க அந்த இரண்டு மணி நேர வேலையில் தொங்கியது.

ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது மளிகைக் கடை. அதை நடத்திய அண்ணாச்சி தெருவிலேயே பெரிய வியாபாரி. காலையில் பருப்பு மூட்டை பிரித்தால் சாயந்திரத்துக்குள் கால் கிலோ, அரைக் கிலோவாகப் பாக்கெட் போட்டுச் சீல் வைக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தங்கையை அழைத்துப் போனேன். அவர் எட்டு சாமான் விலையைச் சொன்னார். கால்குலேட்டரில் அவர் விரல் ஆறாவது சாமானில் இருக்கும்போதே அவள் மொத்தத்தைச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கே வரட்டும்" என்றார்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பரீட்சைக்குப் படித்த படிப்பு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. சட்டப்படி செய்தால் யாரும் அவள் வேலையில் கை வைக்க முடியாது என்று நம்பினேன். விதிகளைத் தேடி எடுத்து, பிரிண்ட் போட்டு, அண்ணாச்சியிடம் கொண்டுபோய் வாசித்தேன். பதினாலு வயது முடிந்து பதினெட்டு முடியாதவர்களை ஆபத்தில்லாத வேலையில் வைத்துக்கொள்ளலாம். இடைவேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து மூன்று மணி நேரம் வேலை வாங்கினால் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கிடையாது. வாரம் ஒரு நாள் விடுமுறை. அவர்கள் பேருக்கு ரிஜிஸ்டர் வைக்க வேண்டும். இந்த விதிகளைக் கடையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டிவைக்க வேண்டும்.

அண்ணாச்சி சிரித்தார். "ஏலே, இந்தத் தெருவுல எவன் சட்டப்படி புள்ளைகள வச்சிருக்கான்? நான் ஒருத்தன் எழுதி மாட்டுனா, மத்த கடக்காரன்லாம் என்னையப் பாத்து வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. லேபர் ஆபீசு ஜீப்பு வந்தா அவுகதான் ஓடுவாக. நீங்க உக்காந்து டீ குடிக்கலாம்."

இந்தப் பேச்சு அவருக்குப் பிடித்துப்போனது. "சரி எழுது, கவர்மெண்டு தம்பி. செலவு அட்டைக் காசோட போச்சு" என்றார்.

முதலில் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அதில் முதல் விதியாக, பதினாலு வயது முடியாத பிள்ளைகளை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். பள்ளிக்கூட நேரம் போக, சொந்த வீட்டுத் தொழிலில் கூடமாட உதவலாம் என்ற விலக்கையும் கீழே சேர்த்திருந்தேன். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். வாசித்துவிட்டு, கடையின் உள்பக்கம் பார்த்தார். அங்கே ஒரு பையன் குத்தவைத்து உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான்.

அவன் எங்கள் ஊர்ப் பையன். பன்னிரண்டு வயது, ஏழாவது படிக்கிறான். அவன் அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. கடைசிப் பீரியடுக்கு நிற்காமல் பஸ் ஏறி வந்து, கடை சாத்துகிறவரை இருந்துவிட்டு, லோடு ஆட்டோவில் ஊருக்குத் திரும்புவான். இது எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் கடையிலிருந்து பார்த்தால் அவன் பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடிவருவது தெரியும்.

"இந்த மொத வரி எதுக்கு?" என்றார் அண்ணாச்சி. "என் கடைச் சொவத்துலயே என்னைய நானே காட்டிக் குடுக்கவா? அத விட்டுட்டு மிச்சத்த எழுது."

"மொத வரிதான் அண்ணாச்சி முக்கியம்."

"அப்ப உன் தங்கச்சிக்கு வேற கடை பாத்துக்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கொத்தமல்லி இல்லை, நாளைக்கு வா என்கிற மாதிரிச் சொன்னார். நான் தாளை மடித்துக்கொண்டு போனேன். அன்று சாயந்திரம் ஜெராக்ஸ் கடை மேசையில் கெட்டி அட்டையை விரித்து, ஸ்கெட்ச் பேனாவால், இரண்டாவது விதியிலிருந்து எழுதினேன். அதற்கு ஒன்று என்று நம்பர் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். ஓரத்தில் பூ வேலையெல்லாம் செய்தேன். முதல் விதியை எடுத்துவிட்டதால் அடியில் ஒரு சாண் இடம் வெறுமையாக நின்றது. அதை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் அப்படியே விட்டேன்.

அட்டையை மாட்டும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவன் அந்தப் பையன்தான். நான் ஆணி அடிக்கிறேன், அவன் கீழிருந்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்.

"ஏழு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அப்ப நானும் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போலாமாண்ணே?"

"ஏலே, அது பெரிய புள்ளைகளுக்கு" என்றார் அண்ணாச்சி கல்லாவிலிருந்து. "ஒனக்கு அதுல ஒண்ணும் எழுதல. ஸ்டூல ஆட்டாமப் பிடி."

அவன் சிரித்தான். நானும் ஆணியைப் பார்த்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

தங்கைக்கு வேலை நன்றாகப் பிடித்துப்போயிற்று. தினமும் ஐந்து மணிக்கு வந்து ரிஜிஸ்டரில் நேரம் போட்டுக் கையெழுத்து இடுவாள். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுந்து, போகிற நேரத்தையும் எழுதிவிட்டுக் கிளம்புவாள். எங்கள் பஸ் ஏழு பத்துக்கு. அந்த இரண்டு மாதமும் அப்பா மில் வண்டியைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை.

ஜீப் வரும்போது அந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ் ஸ்டாண்டு முக்கில் டீக்கடை இருக்கிறது. தொழிலாளர் துறை ஜீப் திரும்பினால் டீ மாஸ்டர் பாய்லர் மூடியை இரண்டு தட்டுத் தட்டுவார். அடுத்த கடைக்காரர் தராசுத் தட்டைத் தட்டுவார். சத்தம் கடை கடையாக வரும். ஷட்டர்கள் பாதி இறங்கும். எல்லாக் கடையிலும் சின்னப் பிள்ளைகள் குடோனுக்குள் போவார்கள். பெரும்பாலும் ஜீப் வேறு எங்கோ போகிறதாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் தும்மிக்கொண்டே வெளியே வருவார்கள். யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை.

அந்த வியாழக்கிழமை மணி ஆறரை இருக்கும். தராசுத் தட்டுச் சத்தம் கேட்டது. நான் ஜெராக்ஸ் கடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி குடோன் பூட்டை அமுக்கிவிட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டிருந்தார். பையனை உள்ளே தள்ளியிருப்பார் என்று தெரியும். ஆனால் பாக்கெட் போடுகிற மேசையும் காலியாக இருந்தது. சீல் வைக்கிற மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, தங்கச்சி எங்க?"

"ரெண்டும் உள்ளதான் இருக்கு. சத்தம் போடாத."

"அவள எதுக்கு வச்சீக? அவ பேருதான் ரிஜிஸ்டர்ல இருக்கே. ஒளியவே வேண்டாமே."

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடமாகத் தட்டுச் சத்தம் கேட்டதும் கை தானாகச் செய்துவந்த வேலையை அன்றும் செய்திருக்கிறது. முன்னால் நின்ற இரண்டு பேரையும் பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறது. அவர் வாய் திறந்தது. கை இடுப்புக்குப் போனது. அதற்குள் ஜீப் கடை வாசலிலேயே வந்து நின்றுவிட்டது.

அதிகாரி நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா. கூட இரண்டு பேர். உள்ளே வந்ததும் அவர் கண்ணில் பட்டது அட்டைதான். அதன் கீழே நின்று நிதானமாக வாசித்தார்.

"யாரு எழுதுனது? கையெழுத்து நல்லா இருக்கு."

"நான்தான் மேடம்." எனக்கு ஒரு விநாடி பெருமையாகக்கூட இருந்தது.

"மொத விதி எங்க?"

நான் அட்டையை நிமிர்ந்து பார்த்தேன்.

"பதினாலு வயசுக்குக் கீழ வைக்கக் கூடாதுங்கறதுதானே மொத விதி? அது எங்க?"

"இடம் பத்தல மேடம்."

அவர் அட்டையின் அடியில் வெறுமையாகக் கிடந்த ஒரு சாண் இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரிஜிஸ்டரைக் கேட்டார். அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார்.

"ஒழுங்கா எழுதியிருக்கீங்க. இன்னைக்கு அஞ்சு அஞ்சுக்கு வந்திருக்கா. போன நேரம் போடல. பொண்ணு எங்க?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இருக்கிறாள் என்று சொன்னால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் பையனும் தெரிவான். நான், "வயித்து வலின்னு வீட்டுக்குப் போயிட்டா மேடம். கையெழுத்துப் போட மறந்திருப்பா" என்றேன்.

"நீங்க யாரு?"

"அவ அண்ணன்."

"அண்ணனா? அப்ப உங்க தங்கச்சி ஸ்கூல் பைய விட்டுட்டா வீட்டுக்குப் போனா?"

மேசைக்குப் பின்னால் ஆணியில் அவள் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டு உறையில் சாப்பாட்டு டப்பா எட்டிப் பார்த்தது. கடைக்குள் இருந்த ஐந்து பேரும் அந்தப் பையையே பார்த்தோம். சீல் மெஷின் மட்டும் டிக் டிக் என்று சூடேறிக்கொண்டிருந்தது.

அப்போது குடோன் கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். வகுப்பறைக் கதவைத் தட்டுகிற மாதிரி, மரியாதையாக மூன்று தட்டு.

"மூட்டை சரிஞ்சிருக்கும்" என்றார் அண்ணாச்சி.

மறுபடியும் மூன்று தட்டு.

அதிகாரி கையை நீட்டினார். "சாவி."

முடிச்சு சட்டென்று அவிழவில்லை. அண்ணாச்சி வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கயிற்றோடு மல்லுக்கட்டினார். கதவு திறந்ததும் மிளகாய் வத்தல் நெடி முகத்தில் அடித்தது. திருச்சுழிப் பக்கமிருந்து முந்தின நாள்தான் புது வத்தல் லோடு இறங்கியிருந்தது. ஜன்னல் இல்லாத அறை, மேலே தகரம். தங்கை பள்ளிச் சீருடையோடு நின்றாள். கண் சிவந்து நீர் வழிந்தது. ஒரு கையில் பையனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவன் இன்னும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். தும்மினால் சத்தம் வெளியே கேட்கும் என்று அவனுக்குப் பழக்கியிருந்தார்கள்.

"ரிஜிஸ்டர்ல என் பேரு இருக்குல்ல?" என்று தங்கை என்னைத்தான் கேட்டாள். "அப்புறம் நான் எதுக்குண்ணே ஒளியணும்? இவனுக்கு மூச்சு வாங்குது. எம்புட்டு நேரம் வச்சிருப்பீக?"

பையனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவன் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் தும்மித் தீர்க்கும்வரை அதிகாரி காத்திருந்தார். பிறகு குனிந்து, "உன் வயசு என்னப்பா?" என்று கேட்டார்.

அவன் பதில் சொல்லும் முன்பே அண்ணாச்சி முந்திக்கொண்டார். "எந் தங்கச்சி மவன் மேடம். ஸ்கூல் விட்டு வந்து மாமா கடையில சும்மா நிப்பான். சொந்தக்காரப் புள்ள கூடமாட நிக்கலாம்னு சட்டத்துலயே இருக்காம்ல?"

அந்த விலக்கை அவருக்கு எழுதிக் காட்டியவன் நான். அவர் அதை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"அப்படியாப்பா? இவுக ஒனக்கு மாமாவா?"

பையன் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தான். "ஆமா" என்றான்.

அதிகாரி நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. இந்தப் பையன் யாரு?"

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கியது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடை தப்பும், தங்கை நாளைக்கும் ஐந்து மணிக்கு வருவாள். இல்லை என்றால் அப்பா, மில் வண்டி. தங்கையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக அவள் கண்ணைக் காட்டவோ தலையை ஆட்டவோ இல்லை. ஒரு பொய்யைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்ததும் சுலபமாகத்தான் வந்திருக்கும். ஆனால் அந்தப் பையன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, நானும் ஏழு மணிக்குப் போலாமா என்று கேட்டதுதான் அப்போது என் காதில் விழுந்தது.

"எங்க ஊரு பையன் மேடம். ஏழாவது படிக்கிறான். பன்னெண்டு வயசு. இவுகளுக்குச் சொந்தம் இல்ல."

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சொன்னார். "தெரியாம வச்சிட்டேன்னு நீங்க சொல்லவும் முடியாது, ஐயா. சட்டத்த எழுதி மாட்டியிருக்கீங்க. வேண்டாத வரிய மட்டும் பாத்து விட்டிருக்கீங்க." பிறகு என்னிடம், "மூணு நாளைக்குள்ள முழுசா எழுதி மாட்டணும். வந்து பாப்பேன்" என்றார். தங்கையிடம், "நீ வேலைக்கு வரலாம்மா. ஏழு மணிக்குள்ள கிளம்பிரு. பூட்டி வச்சதுக்குத் தனியா எழுதியிருக்கேன்" என்றார்.

பையனைக் குழந்தைகள் நலக் குழுவிடம் காட்ட வேண்டும் என்று விருதுநகருக்குக் கூட்டிப்போனார்கள். ஜீப்பில் ஏறும்போது அவன் அழவில்லை. "அக்கா, அம்மாகிட்டச் சொல்லிருங்க, தேடுவாக" என்று மட்டும் தங்கையிடம் சொன்னான்.

அண்ணாச்சி எங்களைப் பார்க்காமல், "கெளம்புங்க ரெண்டு பேரும்" என்றார்.

நானும் தங்கையும் பஸ் ஏறினோம். இறங்கியதும் பையன் வீட்டுக்குத்தான் முதலில் போனோம். அவன் அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து பானையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"நீதான போனு போட்டு வரவச்ச?"

"இல்லக்கா. சத்தியமா நான் போடல."

"எம்புள்ளைய ஜீப்புல ஏத்திட்டு வந்து எங்கிட்டயே சொல்றியா? உன் தங்கச்சி வேலைக்குப் போலாம், எம்புள்ள போகக் கூடாதா? அவளுக்கு ஒரு சட்டம், இவனுக்கு ஒரு சட்டமா?"

பதினாறும் பன்னிரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. இரண்டு மாதமாக அவன் கடைசிப் பீரியடை விட்டுவிட்டு ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன், அந்தக் கணக்கை இப்போது அவரிடம் சொல்ல முடியாது.

வீட்டில் அப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "ஊருக்கு நாயம் சொல்லிட்டு வந்துட்ட. சரி. திங்கக்கிழமை வண்டி வரும். மில்லுல மாத்திக்கிட அவளுக்கு ரெண்டு செட்டுத் துணி எடுத்து வைக்கச் சொல்லு" என்றார்.

வெள்ளியும் சனியும் தங்கை பள்ளிக்கூடம் போனாள். கடைக்குப் போகவில்லை. வா என்று சொல்லி யாரும் அனுப்பவில்லை. சனிக்கிழமை அவள் தன் புத்தகங்களுக்கெல்லாம் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டாள். திங்கட்கிழமை வண்டி வரும் என்று தெரிந்துகொண்டே போட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பசை தடவிக் கொடுத்தேன்.

"அண்ணே, நீ அன்னைக்கு ஆமான்னு சொல்லியிருந்தா நான் உங்கிட்டப் பேசியிருக்க மாட்டேன்" என்றாள். தாளை மடித்துக்கொண்டே, "ஆனா மில்லுக்குப் போகவும் பயமா இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புது அட்டை வாங்கி எழுதினேன். இந்தத் தடவை பூ வேலை செய்யவில்லை. முதல் விதியை மற்றதைவிடப் பெரிதாக எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு பாளையம்பட்டிக்குப் போனபோது அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். கூட்டம் இருந்தது. என்னை ஓரமாக நிறுத்தி வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். எனக்குத் தெரிந்தவர்கள் நான்கு பேர் வந்து சாமான் வாங்கிப் போனார்கள். யாரும் என்னிடம் என்னவென்று கேட்கவில்லை. தெருவுக்கே தெரிந்திருந்தது.

கூட்டம் குறைந்ததும், "வாசிச்சுக் காமி" என்றார்.

"பதினாலு வயது முடியாத குழந்தைகளை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது."

"நிப்பாட்டு. இன்னொருக்க வாசி."

மறுபடி வாசித்தேன். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் அட்டையை வாங்கி, என்னிடம் சுத்தியலைத் தராமல், தானே ஸ்டூலில் ஏறி மாட்டினார். ஸ்டூலை நான் பிடிக்கப் போனேன். "தொடாத" என்றார்.

இறங்கி வேட்டியை உதறிக்கொண்டார். "வக்கீலக் கேட்டேன். உன் தங்கச்சி நின்னுபோனா, அவளையும் கள்ளத்தனமா வச்சிருந்தேன்னு ஆயிருமாம். அவ தெனம் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு நல்லதாம். நாளைக்கு அஞ்சு மணிக்கு வரச் சொல்லு. ஏழுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க விட மாட்டேன்."

"சரிங்க அண்ணாச்சி."

"நீ மட்டும் இந்தக் கடப் படி ஏறாத."

அண்ணாச்சி வரச் சொன்னதை அன்று ராத்திரியே அப்பாவிடம் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை விடிய ஊர் முக்கில் வண்டி ஹாரன் கேட்டது. தங்கை சீருடையில், பையை மாட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் நின்றாள். துணிப் பொட்டலமும் திண்ணையில் இருந்தது. அப்பா இரண்டையும் பார்த்தார். ஹாரன் மறுபடி கேட்டது. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு முக்குக்குப் போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "கட வேல இருக்கறவரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பையன் சில நாளில் திரும்பி வந்தான். கூட்டிவந்தவர்கள் புகார் சொல்கிற நம்பரை அவன் அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். இப்போது கடைசிப் பீரியடு வரை பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்று கேள்வி. அவன் கொண்டுவந்த சம்பளம் நின்றதால் அவன் அம்மா காட்டு வேலையோடு, மதியத்துக்கு மேல் பாளையம்பட்டியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவவும் வருகிறார். அவரும் ஏழு பத்து பஸ்ஸுக்குத்தான் வருவார்.

ஆகவே தினமும் சாயந்திரம் மளிகைக் கடைக்கு எதிரே, பஸ் நிற்கிற வேப்ப மரத்தடியில் நானும் அவரும் நிற்கிறோம். அவர் என்னோடு பேசுவதில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து மணி பார்ப்பார். கடையைப் பார்ப்பார். மறுபடி மணி பார்ப்பார். அங்கிருந்து பார்த்தால் அட்டையில் முதல் வரி மட்டும்தான் வாசிக்கிற அளவுக்குத் தெரியும். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

ஒரு நாள் ஆறு ஐம்பத்தெட்டு ஆகியும் தங்கை வெளியே வரவில்லை. கடையில் கூட்டம். அவள் குனிந்து சீல் வைத்துக்கொண்டிருந்தாள். படி ஏறக் கூடாது என்பதால் ரோட்டிலிருந்தே அவளைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை.

அப்போது அந்த அம்மா, இத்தனை நாளில் முதல் தடவையாக, என்னைப் பார்த்துப் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"எம்புள்ளைக்கு ஒரு சட்டம்னா உன் தங்கச்சிக்கும் அதுதான். ஏழடிச்சு ஒரு நிமிசம் கூடட்டும். அந்த நம்பருக்கு நானே போடுவேன்."

"போடுங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது.

ஆறு ஐம்பத்தொன்பதுக்கு அண்ணாச்சி தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே நின்ற எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். ஏதோ அதட்டினார். தங்கை எழுந்து, ரிஜிஸ்டரில் குனிந்து எழுதி, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தாள். அந்த அம்மா போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பஸ் வந்தது. மூன்று பேரும் ஏறினோம்.